யம லிங்கத்தைத் தாண்டும்வரை

அருணாதேவிக்கு இருந்த பயத்தை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். பேய்ப் பயமோ திருடன் பயமோ இல்லை. ஒரு பாட்டு எந்த இடத்தில் நின்று போகிறது என்கிற பயம். சிரிக்கிறவர்கள் வந்து அவள் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும், அப்புறம் சிரிக்கட்டும்.

அவளுடைய மாமனார் சின்னசாமியின் கழுத்தில் எந்நேரமும் ஒரு பிளேயர் தொங்கும். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி, முகப்பில் சல்லடை மாதிரி ஒரு குட்டி ஸ்பீக்கர். அது முதலில் அவர் கூட்டாளி சகாதேவனுடையது. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மணிலாக் கடலையும் பயிர் போட்டுக்கொண்டிருந்த அந்தக் கூட்டாளிகள், பௌர்ணமி தவறாமல் கோஷ்டியாகக் கிளம்பி மலை சுற்றுவார்கள். சகாதேவன்தான் தலைவர். கிரிவலப் பாதையில் இருக்கிற எட்டு லிங்கத்துக்கும் எட்டுப் பாட்டு அவரே கட்டினார். இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் என்று போய் ஈசானிய லிங்கத்தில் முடிகிற வரிசை. ஒரு பௌர்ணமியன்று ஒவ்வொரு லிங்கத்தின் வாசலிலும் நின்று பாடியதை இந்தப் பிளேயரிலேயே பதிந்தும் வைத்தார். பாடும்போது பட்டனைப் போடுவார், நடக்கும்போது நிறுத்திவிடுவார். பிறகு ஒருநாள் மார்வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கோஷ்டியில் மிச்சம் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பிளேயர் சின்னசாமியின் கழுத்துக்கு வந்தது.

மாமியார் ரேணுகாம்பாள் காலமான பிறகு மகன் சரவணகுமார் அப்பாவை வேங்கிக்கால் வீட்டுக்குக் கூட்டி வந்தான். அதற்குள் பெரியவருக்கு மறதி நன்றாகப் பிடித்துவிட்டது. சாப்பிட்ட கை காய்வதற்குள் சோறு கேட்பார். மகனைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்பார். பாட்டு மட்டும் ஒரு சொல் மறக்கவில்லை. மத்தியானம் பிளேயரைப் போட்டுவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருப்பார். கண் மூடியிருக்கும், பாதம் இரண்டும் தரையில் மெல்ல மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். ஈசானிய லிங்கத்துப் பாட்டு முடிந்ததும் அருணாதேவியே வந்து பட்டனை அணைத்துவிடுவாள். உட்கார்ந்த இடத்திலேயே மனுஷன் மலை சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று அருணாதேவிக்குப் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை.

சிக்கல் எங்கே என்றால், பாட்டு பாதியில் நின்றால் அவர் எழுந்து போய்விடுவார். கால் போன போக்கில் போவதில்லை. எந்த லிங்கத்துப் பாட்டில் நின்றதோ, நேரே அந்த லிங்கத்துக்குப் போவார். கோஷ்டி அங்கே தனக்காக நிற்கிறது என்று நினைப்பு.

முதல் தடவை ஈசானிய லிங்கத்துப் பாட்டில் நின்றது. பக்கம்தானே, தேடிப் போய்க் கூட்டி வந்துவிட்டாள். அடுத்த தடவை குபேர லிங்கத்தில் கிடைத்தார். அதற்கு அடுத்தது வாயு லிங்கம். பேட்டரி பழசாகி, நாளுக்கு நாள் கம்மியாகத்தான் ஓடியது. வருண லிங்கத்தில் அவரைக் கண்டுபிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும்போதுதான் அவளுக்கு அந்த வரிசை மண்டையில் உறைத்தது. பாட்டு நிற்கிற இடம் பின்னால் பின்னால் போகிறது. ஈசானியத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று யாரிடம் போய் நிற்கப்போகிறது? நிருதி, அதற்கும் பின்னால் யமன் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

போன வாரம் நிருதி லிங்கத்துப் பாட்டில் நின்றது. அங்கே போய்ப் பார்த்தால் பெரியவர் வெயிலில் மயங்கிக் கிடக்கிறார், யாரோ புண்ணியவான் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்.

நாத்தனார் அன்புச்செல்வி கீழ்பென்னாத்தூரிலிருந்து அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். அப்பாவின் தலையைத் தடவிக்கொண்டே, "எங்கப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன்னத்தான் கேப்பேன் அண்ணி, சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போயும் விட்டாள். சொல்லிவிட்டுப் போவது சுலபம். பார்த்துக்கொள்கிறவளுக்கல்லவா தெரியும்.

ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிற சரவணகுமார் வாரம் ஒருநாள்தான் வருவான். போனில் அவன் சொன்னான்.

"புதுசு ஒண்ணு வாங்கிடேன் தேவி. அந்த ஓட்டப் பொட்டிய வச்சிக்கினு எதுக்கு அவஸ்தை?"

"வாங்காமலா இருப்பேன்? வாங்கிக் குடுத்தேன். இது யாருதுன்னு கேட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. என் போன்ல அந்தப் பாட்ட ஏத்திப் போட்டுப் பாத்தேன். யாரோ போன விட்டுட்டுப் போயிட்டாங்க, குடுத்துடும்மாங்கிறாரு."

"சார்ஜ்லயே போட்டு வையேன்."

"சார்ஜ் போட்டா அது பாடாதுங்க! எத்தினி தபா சொல்றது?"

"அப்ப பேட்டரிய மாத்து" என்றான் அவன். முதலிலேயே அவன் அதைச் சொல்லியிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை என்று அவளுக்குக் கோபம் வந்தது. தனக்கும் அது தோன்றவில்லையே என்று அதைவிட ஜாஸ்தியாக வந்தது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ராஜம்மாளை மாமாவுக்குக் காவல் வைத்துவிட்டு, அவர் தூங்கும்போதே பிளேயரைக் கழற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் டவுனுக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற அருணகிரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாலு ஸ்குரூவைக் கழற்றி மூடியை நெம்பியதும் உள்ளே பேட்டரி தெரிந்தது. மூடியை எப்போது தள்ளலாம் என்று காத்திருந்ததுபோல், சுட்ட அப்பளமாக உப்பியிருந்தது.

"இதையா அக்கா பெரியவர் கழுத்துல மாட்டி வச்சிருந்தீங்க? நெஞ்சு மேலயேவா?"

 அவன் உப்பிய பேட்டரியை நுனிவிரலால் தூக்கி மணல் போட்ட டப்பாவில் வைத்தான். அதே சைஸ் இப்போது வருவதில்லை, கொஞ்சம் பெரிசாகப் போடுகிறேன், ரொம்ப நேரம் ஓடும் என்றான். ஒயரைப் பற்ற வைத்து, மூடியை அழுத்தி, சரியாகப் பாடுகிறதா என்று அங்கங்கே ஓட்டிக் கேட்டான். கடைசியில் ஓர் இடத்தில் காதை வைத்துக்கொண்டு நிறுத்தினான்.

"அக்கா, பாட்டெல்லாம் முடிஞ்சப்புறம் கொஞ்சம் பேச்சு மாட்டிக்கினு இருக்குது. பட்டன அமுக்க மறந்துட்டாங்க போல. வெட்டி எடுத்துடவா? ஒரு நிமிஷ வேலை."

அருணாதேவிக்குத் திக்கென்றது. செத்துப்போன மனுஷருடைய குரல், அதை வெட்டுவதா? எட்டு லிங்கத்துப் பாட்டில் யாராவது கை வைப்பார்களா? "அய்யய்யோ, ஒண்ணுத்தையும் தொடாதீங்க அண்ணா. இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றாள்.

"உங்க இஷ்டம். இனிமே இது நிக்கவே நிக்காது பாருங்க. முடிஞ்சா தன்னால மொதல்லேருந்து ஆரம்பிச்சிடும்."

நிற்கவே நிற்காது என்ற சொல் அவள் காதில் தேனாகப் பாய்ந்தது. வரும் வழியில் ராஜகோபுரம் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் மாமாவின் கழுத்தில் பிளேயரை மாட்டிப் பட்டனைத் தட்டினாள். இந்திர லிங்கத்துப் பாட்டு கணீரென்று எழுந்தது. பழைய பேட்டரியில் நோயாளி மாதிரி முனகிக்கொண்டிருந்த குரல்கள் எல்லாம் இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து நிற்பதுபோல் இருந்தன. பெரியவர் முகத்தில் ஒரு பிரகாசம். பாதம் அசையத் தொடங்கியது.

அருணாதேவி அரிசி பருப்பு ஊறவைத்த குண்டான்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். சாயங்காலம் ஆள் வந்துவிடும், கிரைண்டரைப் போட வேண்டும். ஆனால் யம லிங்கத்துப் பாட்டு தாண்டாமல் எழுந்திருப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டிருந்தாள்.

அக்னி லிங்கம் போயிற்று. யம லிங்கம் வந்தது. சகாதேவன் அடி எடுத்துக் கொடுக்க, கோஷ்டி வாங்கிப் பாடியது. அத்தனை குரலுக்கு நடுவில் மாமாவின் கட்டைக் குரல் தனியாகத் தெரிந்தது. எப்போதும் எல்லாருக்கும் அரை அடி பின்னால் வருகிற குரல். நாற்காலியில் இருந்த மாமாவும் அதே கட்டைக் குரலில் கூடவே முணுமுணுத்தார். அவள் பிளேயரையே பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு நிற்கவில்லை. "அரோகரா!" என்று முடிந்தது, நிருதி லிங்கத்துப் பாட்டு தொடங்கியது.

அப்பாடா! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், என்னவோ குறைகிறதே என்று நின்றாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். நிருதி லிங்கத்துப் பாட்டில் அந்தக் கட்டைக் குரல் இல்லை. வருண லிங்கத்திலும் இல்லை. நாற்காலியில் இருந்தவரும் வாயைத் திறக்கவில்லை, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதத்தின் அசைவும் நின்றிருந்தது.

இத்தனை நாள் இதைக் கவனிக்கவில்லையே என்று அவளுக்கு என்னவோபோல் இருந்தது. மாமியார் இருந்த காலத்தில் கோபம் வந்தால் புருஷனை, "அரை மலை சுத்தினவரு பேச வந்துட்டாரு" என்று கேலி செய்வாள். அவர் முகம் சுருங்கி எழுந்து போய்விடுவார். அந்தக் கேலி என்ன என்று அருணாதேவி ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் என்றால் சொல்ல ஆள் இல்லை.

"மாமா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்மா. சுத்தி முடிக்காம எப்படிக் குடிக்கிறது?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

வாசலில் ஒருத்தி பாத்திரத்தோடு வந்து, "மாவு இருக்குதா?" என்று குரல் கொடுத்தாள். இனி நேரம் கடத்த முடியாது. பேட்டரி புதுசு, பாட்டு நிற்கப்போவதில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு அருணாதேவி பின்கட்டுக்குப் போய்க் கிரைண்டரைப் போட்டாள். அந்தக் கிரைண்டர் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. உளுந்தைத் தள்ளிவிட்டு, அரிசியைப் போட்டு, உப்புப் போட்டுக் கலந்து, காத்திருந்தவளுக்கு ஊற்றிக் கொடுத்து, கை கழுவி முன்கூடத்துக்கு வந்தாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

பிளேயர் நாற்காலிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது பாடிக்கொண்டும் இருந்தது. சுற்று முடிந்து, மறுபடி இந்திர லிங்கத்துப் பாட்டு.

அவள் வாசலுக்கு ஓடினாள். துணி மடித்துக்கொண்டிருந்த ராஜம்மாள், "இன்னாடி, ஏன் இப்படி ஓடியார?" என்றாள்.

"மாமா எங்கக்கா?"

"அவரா? அப்பவே ஷேர் ஆட்டோல ஏறி டவுன் பக்கம் போனாரே. சட்டையெல்லாம் ஒழுங்கா போட்டுக்கினு சிரிச்ச முகமாப் போனாரு. நீதான் அனுப்புறேன்னு நெனச்சேன்."

 இத்தனை நாள், அவர் காணாமல் போனால் பாட்டு நின்ற இடத்தைப் பார்த்துத் தேடிப் போனாள். இன்றைக்குப் பாட்டு நிற்கவில்லையே! எந்த லிங்கம் என்று தேடுவது? குளிக்கும்போதுகூடக் கழுத்திலிருந்து கழற்ற விடாத பெட்டியை அவரே கழற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறாரே, ஏன்?

கடைக்காரன் சொன்ன பேச்சு சட்டென்று நினைவுக்கு வந்தது. பிளேயரை எடுத்துப் பின்னோக்கித் தட்டினாள். ஈசானிய லிங்கத்துப் பாட்டின் கடைசி "அரோகரா" கேட்டது. அதன்பிறகு ஒரே இரைச்சல், பௌர்ணமிக் கூட்டத்தின் சத்தம், யாரோ செருப்பைத் தேடுகிற பேச்சு. நடுவில் சகாதேவனின் குரல்.

"எல்லாரும் வந்துட்டமாய்யா? சின்னசாமி எங்க?"

"இன்னாண்ணே, மறந்துட்டியா? கால் இழுத்துக்கிச்சுன்னு யம லிங்கத்தாண்ட குந்த வச்சிட்டு வந்தமே."

"அடப் பாவமே. போன் போடு அவனுக்கு."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு சகாதேவன், வாய்க்கு நேராகப் பேசுவதுபோல் வெகு கிட்டத்தில் பேசினார்.

"ஹலோ, சின்னசாமியா? எங்கயும் போயிடாத. அங்கியே இரு, யம லிங்கத்தாண்டயே இரு. நான் வந்து கூட்டினு போறேன்."

இந்திர லிங்கத்துப் பாட்டு மறுபடி தொடங்கியது.

பிளேயரை ராஜம்மாள் கையில் திணித்து, "வீட்டப் பாத்துக்கங்கக்கா" என்று கத்திவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். வேங்கிக்காலிலிருந்து டவுனுக்குள் நுழைந்து செங்கம் ரோட்டைப் பிடிப்பதற்குள் பஸ்ஸும் ஆட்டோவும் மாடும் அவளை நிறுத்தி நிறுத்தி வதைத்தன. எந்த இடம் வந்துவிடக் கூடாது என்று பேட்டரி மாற்றினாளோ, அந்த இடத்துக்கே தன் கையால் அவரை அனுப்பிவிட்டாள். ஒரு நிமிஷ வேலை என்றானே, வெட்டி எடுத்திருக்கக் கூடாதா? பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

யம லிங்கத்தின் வாசல் வெறிச்சென்று இருந்தது. சாதாரண நாள், கூட்டம் இல்லை. மதில் ஓரமாக ஒரு படிக்கட்டில் சின்னசாமி உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் கை வைத்து, ரோட்டையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.

உயிர் போய் உயிர் வந்தது அவளுக்கு. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. நெற்றி முழுக்க வேர்வை.

"மாமா, வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"நீ யாரும்மா?"

"உங்க மருமவ. தேவி."

"அப்படியா?" என்று அன்பாகச் சிரித்தார். "செத்த நேரம் இரும்மா. சகாதேவன் வரேன்னு சொல்லியிருக்கான். பாதியில எழுந்து போனா மிச்ச மலைய எப்பச் சுத்துறது?"

அவர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. அவள் 108-க்கு அடித்தாள். வண்டி கிளம்பிவிட்டது, அவரை அசைக்க வேண்டாம் என்றார்கள். தான் உட்காரக் குனிந்தபோது, "அங்க வேணாம்மா, அது அவனுக்கு. நீ இந்தப் பக்கம் குந்து" என்றார். அவள் மறுபக்கம் உட்கார்ந்து அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கையில் இருந்த போன் அடித்தது. ராஜம்மாள்.

"அடியே, மாமா கெடச்சாரா? இந்தப் பொட்டி ஓயவே மாட்டேங்குதுடி, எனக்கு என்னமோ பயமா இருக்குது. நிறுத்திடட்டா?"

போன் வழியாக அந்தப் பாட்டு கேட்டது. யம லிங்கத்துப் பாட்டு, நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தாதீங்கக்கா!" என்று அருணாதேவி அலறினாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இந்தப் பாட்டுல மட்டும் நிறுத்திடாதீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இது தாண்டட்டும். போன அதுகிட்டயே வச்சிப் புடிங்க."

அவள் ஸ்பீக்கரைப் போட்டு அவர் காதருகே பிடித்தாள். பெரியவர் தலையை நிமிர்த்தினார். முகம் மலர்ந்தது. போனில் கோஷ்டி பாட, அவரும் கூடப் பாடினார். போனுக்குள் ஒரு கட்டைக் குரல், அவள் தோளில் ஒரு கட்டைக் குரல், இரண்டும் அரை அடி பின்னால். பாதம் படிக்கட்டில் அசைந்தது. வண்டியின் சைரன் எங்கோ டவுன் பக்கம் கேட்க ஆரம்பித்தது. வந்துவிடும், தாண்டிவிடும், இன்னும் கொஞ்சம்தான் என்று அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அரோகரா!" என்று பாட்டு முடிந்தது. அவரும் சொன்னார்.

போனில் நிருதி லிங்கத்துப் பாட்டு தொடங்கியது. சகாதேவன் அடி எடுத்துக் கொடுத்தார், கோஷ்டி வாங்கிப் பாடியது. அதில் கட்டைக் குரல் இல்லை. அருணாதேவி தலையைத் திருப்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே, தோளில் அந்தக் குரல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கேயும் வரவில்லை.